காயிலைக் கூட்டும் முன் கசிவை அடையுங்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் சொந்தக் கையால் மின்சார உலை கட்டி உலோகம் உருக்கும் அண்ணாச்சிமார்களே, தம்பிமார்களே!

உங்கள் உலை சூடேறவில்லை என்றதும் நீங்கள் செய்யும் முதல் வேலை, இன்னொரு காயில் சுற்றி உள்ளே வைப்பதுதான். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். 3 கிலோவாட் போதவில்லை என்று நாலரை கிலோவாட் ஆக்குகிறீர்கள். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 20 ஆம்பியர். உங்கள் பிளக்கோ 15 ஆம்பியருக்குச் செய்தது. பிளக் கறுக்கிறது, ஒயரின் உறை இளகுகிறது, மீட்டர் ஓடுகிறது. மூசைக்குள் அலுமினியம் மட்டும் கூழாகவே நிற்கிறது. "காயில் சரியில்லை, ஒயர் டூப்ளிகேட்" என்று கடைக்காரரைத் திட்டுகிறீர்கள். பல பட்டறைகளில் அந்தக் காயில்மேல் ஒரு குற்றமும் இல்லை. அது தந்த சூட்டை மூடி இடுக்கும், ஒயர் ஓட்டையும், கல் பொருத்தும் வெளியே விட்டுக்கொண்டிருக்கின்றன.

முதலில் ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு கிலோ அலுமினியத்தை நம் ஊர்ச் சூட்டிலிருந்து 660 டிகிரிக்கு ஏற்றி, உருக்கி, ஊற்றும் பதமான 720 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டிய மின்சாரம் 0.3 யூனிட்டுக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். 2 கிலோவுக்கு ஏறத்தாழ 0.6 யூனிட். 3 கிலோவாட் காயில் தரும் சூடு முழுவதும் உலோகத்துக்கே போனால் கால் மணி நேரத்துக்குள் 2 கிலோ உருகிவிட வேண்டும். எந்த உலையிலும் முழுவதும் போகாது. கல்லும் மூசையும் தங்கள் பங்கைக் குடித்தே தீரும். ஆனால் உங்களுக்கு ஆகிற நேரத்தையும் ஓடுகிற யூனிட்டையும் இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். இடையில் இருக்கும் தூரம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தூரத்தைக் காயிலால் கடக்கப் பார்க்கிறீர்கள் என்பதே என் வருத்தம்.

"இம்மாத்தூண்டு இடுக்கு, அதில் என்ன போய்விடப் போகிறது?" என்பீர்கள். சூடு ஏற ஏற, ஒளியாகவும் அனலாகவும் வெளியே பாயும் அளவு நேர்விகிதத்தில் கூடாது. கெல்வின் கணக்கில் எடுத்த சூட்டின் நான்காம் படியில் கூடும். ஸ்டெஃபான் 1879-இல் கண்டு சொன்ன விதி இது. அதன்படி 750 டிகிரியில் இருக்கும் உலையில் ஒரு சதுர சென்டிமீட்டர் ஓட்டை சுமார் 6 வாட் விடும். 900 டிகிரியில் அதே ஓட்டை 10 வாட்டுக்கு மேல் விடும். 1,100 டிகிரியில் 20 வாட். 20 சென்டிமீட்டர் சதுர வாய் உள்ள உலையில் மூடி சுற்றிலும் 3 மில்லிமீட்டர் தூக்கி நிற்கிறது என்று வையுங்கள். 24 சதுர சென்டிமீட்டர் இடுக்கு. 900 டிகிரியில் அது 250 வாட்டைத் தொடுகிறது. சுவரின் கனத்தால் அதில் ஒரு பங்கு திரும்ப உள்ளேயே விழும். பாதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சப் பாதியை உலை எரியும் நேரமெல்லாம் தெருவுக்குத் தானம் செய்கிறீர்கள்.

இது அனல் மட்டும்தான். காற்று தனிக் கணக்கு. அடியில் வடிகால் ஓட்டை ஒன்று, மேலே மூடி இடுக்கு ஒன்று என்றால் உங்கள் உலை தானாகவே புகைபோக்கி ஆகிவிடுகிறது. கீழிருந்து குளிர்காற்றை உறிஞ்சி, காயிலைத் தடவிச் சூடான காற்றை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆடி மாதத்தில் மலைப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கும்போது சிலருடைய உலை 700 டிகிரிக்கு மேல் ஏற மறுப்பதற்கு வேறு மர்மக் காரணம் தேட வேண்டாம். மேலும் கீழும் திறந்திருக்கிற உலைக்குள் அந்தக் காற்று புகுந்து வெளியேறுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவரைப் பாருங்கள். அடுப்பு வாயில் சட்டி சரியாக உட்காராமல் ஒரு பக்கம் தீ நாக்கு நீட்டினால் அவர் விறகை அள்ளிப் போடமாட்டார். மண்ணைக் குழைத்து வாயைத் திருத்திவிட்டுத்தான் பால் ஊற்றுவார். தீயைவிட அடுப்பு வாய்தான் பதத்தைத் தீர்மானிக்கிறது என்று அவருக்குத் தெரியும். நமக்கும் தெரிந்ததுதான். மின்சாரம் என்று வந்ததும் நாம் அதை மறந்துவிடுகிறோம்.

மறப்பதற்கு நீங்கள் மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உங்களுக்குக் கிடைக்கும் யோசனைகள் அப்படி. "ஃபயர் பிரிக் கொடுங்க" என்று கேட்டால் கடையில் கனமான கல்லை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது தீயைத் தாங்கும், சூட்டைத் தடுக்காது. அந்தக் கல் ஒன்று ஏறத்தாழ 4 கிலோ. நமக்கு வேண்டிய இன்சுலேஷன் பிரிக் அதே அளவில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோதான் இருக்கும். நகத்தால் கீறினால் மாவு உதிரும். கனக்கல் அதைவிட ஐந்தாறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதோடு, 40 கனக்கல்லைச் சராசரியாக 400 டிகிரி ஏற்றுவதற்கு மட்டுமே 17, 18 யூனிட் ஆகிவிடும். தினமும் குளிர்ந்த உலையிலிருந்து தொடங்குகிறவர் அந்தக் கல்லுக்குத்தான் மின்கட்டணம் கட்டுகிறார். யார் என்ன பெயர் சொல்லிக் கொடுத்தாலும் கல்லைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்.

அதேபோல, விரிசலில் கட்டடச் சிமென்ட்டைப் பூசச் சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். சாதாரணச் சிமென்ட் இறுகும்போது உள்ளே உண்டாகும் சுண்ணாம்புச் சேர்மம் 450, 500 டிகிரி வாக்கில் நீரை இழந்து சிதைகிறது. உலை ஆறியதும் காற்றின் ஈரத்தை இழுத்து உப்பி உதிர்கிறது. முதல் நாள் நன்றாக இருக்கும். நான்காம் நாள் கையோடு வரும். எம்-சீல் முந்நூறு டிகிரியைக்கூடத் தாங்காமல் கருகும். சிலிக்கோன் பசையும் அந்த எல்லையில் நின்றுவிடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வலுவிழந்து பொடியாகும், அதிலிருக்கும் கந்தகம் நிக்ரோம் கம்பிக்கும் ஆகாது. வாட்டர் கிளாஸ் என்கிற சோடியம் சிலிகேட் ஒட்டுவதில் கெட்டிக்காரன்தான். ஆனால் அதிலுள்ள காரம் சூட்டில் கான்தல் கம்பியின் மேலிருக்கும் காப்புத் தோலை அரிக்கும். காயில் ஓடும் பள்ளத்தின் பக்கத்தில் அதைக் கொண்டுபோகவே கூடாது.

சரி, அடைப்பதற்கு முன் ஓட்டை எங்கே என்று கண்டுபிடியுங்கள். அதற்குக் காசு வேண்டாம். ராத்திரி பட்டறை விளக்குகளை அணைத்துவிட்டு, உலையை 800 டிகிரி வரை ஏற்றிச் சுற்றி வாருங்கள். செக்கச்செவேலென்று கோடு தெரிகிற இடமெல்லாம் கசிவு. பிறகு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி மூடி ஓரத்திலும், ஒயர் வெளிவரும் இடத்திலும், அடித்தட்டிலும் பிடியுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டாலும் வெளியே தள்ளப்பட்டாலும் அங்கே காற்றுப் பாதை இருக்கிறது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் வெளித்தகட்டைக் கட்டம் கட்டமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் தகட்டில் அந்தக் கருவி குறைத்துக் காட்டி ஏமாற்றும். அளக்கும் இடத்தில் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட் சிறு வட்டமாக அடித்துவிட்டு அளவெடுங்கள்.

இன்னும் உறுதியான சோதனை ஒன்று இருக்கிறது. காலி மூசையோடு உலையை 750 டிகிரியில் நிறுத்துங்கள். சுவர் முழுவதும் சூடாகி நிலைக்கு வரும்வரை விடுங்கள். பிறகு ஒரு மணி நேரம் அதே சூட்டில் வைத்து மீட்டர் எத்தனை யூனிட் ஓடியது என்று எழுதுங்கள். உலோகம் எதுவும் உருகவில்லை, சூடும் ஏறவில்லை. ஆகவே ஓடிய யூனிட் அத்தனையும் கசிவும் சுவர் நட்டமும்தான். ஒன்றரை யூனிட் ஓடினால் உங்கள் உலை ஒன்றரைக் கிலோவாட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடுத்து, கரண்டை நிறுத்திவிட்டு 700-லிருந்து 600-க்கு இறங்க எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். அடைத்த பின் இந்த இரண்டு எண்களையும் மறுபடி எடுங்கள். உங்கள் வேலை எவ்வளவு பலித்தது என்பதை யாரும் வந்து சொல்லத் தேவையிருக்காது.

அடைப்பதில் வரிசை முக்கியம். பெரிய கசிவிலிருந்து தொடங்குங்கள். அதாவது மூடியிலிருந்து.

இன்சுலேஷன் பிரிக் மென்மையானது. மூடியின் அடிமுகத்தையும் உலை வாயையும் ஒன்றோடொன்று வைத்துத் தேய்த்தாலே இரண்டும் பொருந்திவிடும். தூசு மூச்சில் போகாமல் நல்ல மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், மூக்கில் கட்டும் துண்டு போதாது. பிறகு வாயைச் சுற்றி ஒரு பள்ளம் செதுக்கி செராமிக் ஃபைபர் கயிற்றைப் படுக்கவையுங்கள். மூடி இறங்கும்போது கயிறு கொஞ்சம் அமுங்க வேண்டும், நசுங்கிச் சாகக் கூடாது. முடிந்தால் மூடியில் ஒரு படி வெட்டி வாய்க்குள் இறங்கும்படி செய்யுங்கள். அனல் நேர்கோட்டில்தான் போகும். ஒரு திருப்பம் வைத்தாலே பெரும்பகுதி உள்ளேயே முட்டி நின்றுவிடும். பக்கவாட்டில் கீல் போட்ட மூடி பெரும்பாலும் கீல் பக்கம் இடித்து எதிர்ப்பக்கம் தூக்கும். கீலுக்குக் கொஞ்சம் ஆட்டம் விட்டு, மூடியின் சொந்தக் கனமே அதைச் சமமாக உட்காரவைக்கும்படி அமையுங்கள்.

மூடியைப் பற்றி இன்னொன்று. 20 சென்டிமீட்டர் சதுர வாயை 900 டிகிரியில் முழுவதும் திறந்தால் 4 கிலோவாட்டுக்கு மேல் வெளியே கொட்டுகிறது. உங்கள் காயில் மொத்தமே 3 கிலோவாட். "உருகிவிட்டதா" என்று எட்டிப் பார்ப்பதற்காகத் திறந்து வைக்கும் ஒவ்வொரு நிமிடமும் உலை பின்னோக்கிப் போகிறது. மூடியின் நடுவில் விரல் நுழையும் அளவு ஒரு பார்வைத் துளை, அதற்கு இன்சுலேஷன் கல்லில் செதுக்கிய ஒரு தக்கை, இது போதும். பார்க்கும்போது பச்சை நிற வெல்டிங் கண்ணாடி போடுங்கள். உலையின் அனலை வருடக்கணக்கில் வெறுங்கண்ணால் பார்த்தவர்களுக்குக் கண்புரை வருவது கண்ணாடி ஊதும் தொழிலாளர்களிடம் நூறு வருடத்துக்கு முன்பே கண்டறியப்பட்ட விஷயம்.

அடுத்தது தெர்மோகப்பிள் ஓட்டையும் காயில் முனைகள் வெளிவரும் ஓட்டைகளும். தெர்மோகப்பிளைச் சுற்றி செராமிக் கம்பளியைத் திணித்துவிடலாம். காயில் முனையில் மட்டும் நிதானம் வேண்டும். பீங்கான் குழாய் போட்டு, சூடான பக்கம் மட்டும் கம்பளியை லேசாக அடையுங்கள். வெளியே ஒயர் இணையும் இடத்தை மூடி அமுக்காதீர்கள். அந்த இணைப்பு காற்றில் ஆற வேண்டும். போர்த்தினால் அதுவே முதலில் எரியும். சுவருக்குள் வரும் முனையைக் கம்பியை இரட்டையாகவோ மூன்றாகவோ முறுக்கிக் கொண்டுவந்தால் அங்கே சூடு குறையும். பழைய காயிலைக் குளிர்ந்த நிலையில் நெம்பவும் கூடாது. ஒருமுறை நன்றாகச் சூடேறிய கான்தல் கம்பி மொறுமொறுப்பாகிவிடும், தொட்டால் ஒடியும்.

மூன்றாவது, கல் பொருத்துகள். கல்லைத் தண்ணீரில் நனைத்து, அக்கோசெட் போன்ற உலைச்சாந்தை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் தேய்த்து ஒட்டுங்கள். கனமாக அப்பினால் உலர்கையில் சுருங்கி அதுவே விரியும். விரிசல் எல்லாவற்றையும் சாந்தால் அடைக்கும் ஆசை வேண்டாம். அஞ்சலட்டை நுழையாத மயிரிழை விரிசல் சூட்டில் கல் பெருக்கும்போது தானே மூடிக்கொள்ளும். அதில் கெட்டிச் சாந்தைத் திணித்தால் கல் பெருக்க இடமில்லாமல் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். அகலமான விரிசலுக்கு செராமிக் கம்பளியே நல்லது, அமுங்கி விரியும். வெளிச்சுற்றில் 25 மில்லிமீட்டர் செராமிக் பிளாங்கெட் இரண்டு சுற்று சுற்றும்போது, முதல் சுற்றின் பொருத்தும் இரண்டாம் சுற்றின் பொருத்தும் ஒரே இடத்தில் வரவிடாதீர்கள்.

நான்காவது, யாரும் பார்க்காத இரும்புப் பாலங்கள். உள்கல்லைத் தொட்டுக்கொண்டு வெளித்தகடு வரை ஓடும் போல்ட்டு, வாயின் விளிம்பைச் சுற்றி உள்ளே மடிந்திருக்கும் தகடு, உலையை நேராகத் தாங்கும் இரும்புக் கால்கள். இவை ஒவ்வொன்றும் சூட்டை அள்ளி வெளியே கொண்டுவரும். போல்ட்டு உள்முகத்தைத் தொடக் கூடாது. அடியிலும் சுவருக்குக் கொடுக்கும் அதே கனத்துக்கு இன்சுலேஷன் கல் வையுங்கள். சிமென்ட் தரையில் உலையை நேராக உட்காரவைத்தால் தரை தெறிக்கும். அடி வடிகால் ஓட்டை வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு ஒரு தக்கை இருக்கட்டும். மூசை உடைந்தால் உலோகம் தள்ளிக்கொண்டு வெளியேறுகிற மாதிரி லேசான கம்பளித் தக்கை போதும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். மூடி ஓரத்துக்கு இன்னும் சிலர் கல்நார்க் கயிறு வாங்கி வைக்கிறீர்கள். பழைய கொதிகலனில் கழற்றியதைச் சும்மா கிடைக்கிறது என்று எடுத்து வருகிறீர்கள். கையால் பிரித்து, கத்தரியால் வெட்டி, தட்டித் தட்டிப் பள்ளத்தில் இறக்குகிறீர்கள். பக்கத்தில் டீ கொண்டுவந்த பையன் நின்று பார்க்கிறான். அந்தத் தூசு நுரையீரலில் போனால் வெளியே வராது. நுரையீரல் இறுகும் நோயையும் புற்றுநோயையும் அது பத்து, இருபது, முப்பது வருடம் கழித்துக்கூடக் கொண்டுவரும். நோய் வரும்போது இந்தக் கயிற்றை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். கல்நார் வேண்டவே வேண்டாம். இருப்பதைக் கழற்றுவதானால் நன்றாக நனைத்து, உதறாமல் எடுத்து, தடித்த பையில் கட்டுங்கள்; தெருவில் எறியாதீர்கள். செராமிக் ஃபைபரும் முழுக்கச் சாது இல்லை. புதிதாக வெட்டும்போதே மூக்கை உறுத்தும். ஆயிரம் டிகிரிக்கு மேல் நெடுநாள் எரிந்த பழைய பிளாங்கெட் உதிரும்போது அதில் தீங்கான சிலிக்காத் தூசு இருக்கும். வெட்டும்போதும் பிரிக்கும்போதும் மாஸ்க், கையுறை, லேசாகத் தண்ணீர் தெளிப்பு, இந்த மூன்றும் கட்டாயம். காற்று ஊதும் குழாயால் பட்டறையைச் சுத்தம் செய்யாதீர்கள்.

சாந்து பூசிய மறுநாளே முழுச் சூடு கொடுக்காதீர்கள். ஒரு நாள் காற்றில் உலரவிடுங்கள். பிறகு 100, 120 டிகிரியில் பல மணி நேரம், அதன்பின் 250, அதன்பின் 500 என்று படிப்படியாக ஏற்றுங்கள். அவசரப்பட்டால் உள்ளே நிற்கும் நீர் ஆவியாகிக் கல்லைப் பிளக்கும். ஈரச் சுவரில் மின்சாரம் லேசாகக் கசிவதால் அந்த நேரம் இ.எல்.சி.பி. விழவும் செய்யும். அது விழுகிறது என்று கழற்றிவிட்டு நேராக இணைக்கிறவர்களைப் பார்க்கிறேன். அண்ணாச்சி, அது விழுவது உங்கள் உயிரைக் காப்பாற்றத்தான். சுவர் உலர்ந்ததும் தானாக நிற்கும். உலர்ந்த பிறகும் விழுந்தால் காயில் எங்கோ உடம்பைத் தொடுகிறது என்று தேடுங்கள். வெளித்தகட்டுக்கு நல்ல எர்த், மூடியைத் திறந்தால் கரண்ட் தானாக நிற்கும் ஒரு சுவிட்ச், இரண்டும் இல்லாமல் இரும்புக் குறட்டை உள்ளே நீட்டாதீர்கள்.

கசிவை அடைத்த உலை பழைய உலை இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். இதுவரை ஓட்டைகள்தான் உங்களுக்குக் கண்ட்ரோலராக இருந்தன. அவை போனதும் அதே காயில் வேறு வேகத்தில் ஏறும். "இத்தனை நேரம் போட்டால் உருகும்" என்ற பழக்கத்தில் விட்டுவிட்டுப் போனால் காயில் உருகிக் கிடக்கும். நிக்ரோம் கம்பி தாங்கும் எல்லை 1,200 டிகிரி, கான்தல் ஏ-1 ரகம் 1,400 டிகிரி. இவை கம்பியின் சூடு, உலையின் சூடு அல்ல; உலைக்குள் காட்டுவதைவிடக் கம்பி எப்போதும் அதிகச் சூட்டில் இருக்கும். ஆகவே பி.ஐ.டி. கண்ட்ரோலரும், அது பழுதானால் கரண்டை வெட்ட இரண்டாவது தெர்மோகப்பிளோடு தனி ரிலேயும் வையுங்கள். பித்தளை உருக்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துப் புகையும். உலையை இறுக்க மூடலாம், பட்டறையை மூடக் கூடாது. அந்தப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும்.

இவ்வளவு மெனக்கெட என்ன லாபம் என்று கேட்பீர்கள். மின்கட்டணம் ஒன்று மட்டுமில்லை. மெதுவாக உருகும் அலுமினியம் காற்றின் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. மேலே கசடு தடிக்கிறது. ஊற்றி ஆறியபின் கடைசல் போட்டால் உள்ளே ஊசிக்கண் ஊசிக்கண்ணாக ஓட்டை. "மணல் சரியில்லை" என்று அச்சைக் குறை சொல்கிறீர்கள். சீக்கிரம் உருகி, சரியான சூட்டில் நின்று, உடனே ஊற்றப்பட்ட உலோகம் நெடுநாள் உழைக்கும். அடுத்தது உங்கள் உடம்பு. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறீர்கள். உலையிலிருந்து கசியும் ஒன்றரைக் கிலோவாட்டும் உங்கள் முகத்திலும் மார்பிலும்தான் அடிக்கிறது. அதையும் அடைக்கிறீர்கள்.

வாயை மூடி உருக்கும் கலை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வில் உருக்கு செய்த உலைகள் கிடைத்திருக்கின்றன. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஹீத் எழுதிவைத்த குறிப்பில், இரும்புத் துண்டோடு ஆவாரங்குச்சியும் இலையும் சேர்த்து மூசையில் போட்டு, அதன் வாயைக் களிமண்ணால் இறுகப் பூசி உருக்கும் முறை இருக்கிறது. அந்த உருக்குக்கு உலகம் முழுவதும் பெயர் வந்ததில் காற்றுப் புகாமல் மூடியதற்கும் பங்கு உண்டு. அவர்களிடம் மீட்டர் இல்லை, தெர்மோகப்பிள் இல்லை. மூடலில் மட்டும் அவர்கள் அலட்சியம் காட்டவில்லை.

ஆகவே உங்களிடம் என் கோரிக்கை இது. அடுத்த உருக்கலுக்கு முன் ஓர் இரவு ஒதுக்கி, இருட்டுச் சோதனையும் ஊதுபத்திச் சோதனையும் செய்யுங்கள். 750 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணை உலைத் தகட்டிலேயே சாக்பீஸால் எழுதுங்கள். மூடியிலிருந்து தொடங்கி நான் சொன்ன வரிசையில் அடையுங்கள். கல்நாரை வெளியேற்றுங்கள். பிறகு மறுபடி அளந்து, பழைய எண்ணுக்குக் கீழே புது எண்ணை எழுதுங்கள். அதன்பின்னும் உலை ஏறவில்லை என்றால் தாராளமாகக் காயிலைக் கூட்டுங்கள். அப்போது அது நியாயமான செலவு.

இரண்டாவது கோரிக்கை: அந்த எண்களை ஒளிக்காதீர்கள். என் உலை ரகசியம் எனக்கு, உன் உலை ரகசியம் உனக்கு என்று இருந்ததால்தான் ஒரே தவறை நாம் எல்லாரும் தனித்தனியாகக் காசு கொடுத்துச் செய்துகொண்டிருக்கிறோம். எந்தக் கல், எத்தனை கனம், எந்தக் கயிறு, எத்தனை யூனிட் என்று பக்கத்துப் பட்டறையோடு பேசுங்கள். ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக்கும் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் தம்பி தங்கைகளே, புராஜெக்ட் வேலைக்கு வெளியூர்க் கம்பெனி தேடி அலைவதற்கு முன், உங்கள் தெருப் பட்டறையில் இருக்கும் ஓர் உலையை அளந்து கொடுங்கள். சுவர்ச் சூடு, நிற்கும் சூட்டில் ஓடும் யூனிட், இறங்கும் நேரம் மூன்றையும் அடைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்தாலே முழுமையான ஆய்வு ஆகிவிடும். பட்டறைக்கார அண்ணாச்சிமார்களே, அந்தப் பிள்ளைகள் வந்தால் "நீ படித்தவன், உனக்கு என்ன தெரியும்" என்று அனுப்பிவிடாமல் உலையைத் திறந்து காட்டுங்கள்.

ஆடிக் காற்று தொடங்குவதற்கு முன் இதைச் செய்து முடித்துவிடுங்கள். உங்களிடம் நான் கேட்பது புதுக் காயிலோ புது உலையோ அல்ல. ஓர் இரவுச் சோதனை, சில மீட்டர் செராமிக் கயிறு, கொஞ்சம் உலைச்சாந்து, எழுதிவைத்த இரண்டு எண்கள். இவ்வளவையும் இந்த மாதமே செய்யுங்கள். செய்து பார்த்ததை அடுத்தவருக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்துப் பட்டறைக்காரன் ஒருவன்